ஆயுத பூஜை டூட்டிக்கு ஒரு நாத்திகர்

நாத்திகன் என்றால் கடவுள் இல்லை என்பவன் என்று அகராதியில் போட்டிருக்கும். ஓசூர் சிப்காட்டில் கியர் செய்கிற ஒரு கம்பெனியில் அந்தச் சொல்லுக்குப் பதினெட்டு வருஷம் வேறு பொருள் இருந்தது. ஆயுத பூஜை அன்று வேலைக்கு வருகிற ஆள் என்று பொருள். அதையும் அங்கே மரியாதைக் குறைவாகச் சொல்ல மாட்டார்கள். 'நம்ம நாத்திகர்' என்பார்கள். அவர் பெயர் அழகர்சாமி, மேலூர்ப் பக்கத்துக்காரர். பெயரிலேயே சாமியை வைத்துக்கொண்டு இந்தப் பட்டத்தை எப்படி வாங்கினார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார். ஏனென்றால் அந்தக் கம்பெனியின் முந்நூற்றுச் சொச்சம் பேரில் அவரைப் போலச் சாமிக்குப் பயந்தவர் இன்னொருவர் கிடையாது.

எல்லாம் 1979இல் நடந்த இன்டர்வியூவில் வந்த வினை. கியர்களைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமுக்கி எடுக்கிற பர்னஸ் ஒன்று அங்கே உண்டு. அதை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஆற இரண்டு நாள், திரும்பச் சூடேற இரண்டு நாள், நடுவில் உள்ளே இருக்கிற செங்கல் விரிசல் விட்டுவிடும். முந்தைய வருஷம் ஆயுத பூஜைக்கு அப்படித்தான் ஆயிற்று. மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாதல்லவா? பர்னஸையும் ஒருத்தரும் தொடவில்லை. உள்சுவர் பாளம் பாளமாக வெடித்து, ஒரு மாதம் உற்பத்தி நின்றது.

அதனால் பர்சனல் மேனேஜர் அந்த வருஷம் வந்த எல்லோரிடமும் கடைசியாக ஒரே கேள்வியைக் கேட்டார். "ஆயுத பூஜை அன்னிக்கு மெஷினைத் தொடுவியா?" எட்டுப் பேர் நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒன்பதாவது ஆள் அழகர்சாமி. மேலூரில் விதைத்தது முளைக்கவில்லை, கையில் இருந்தது திரும்பிப் போகிற பஸ் டிக்கெட்டுக்கு மட்டும். "தொடுவேன் சார். எனக்குச் சாமியெல்லாம் இல்ல" என்றார். சொல்லும்போது சட்டைக்குள் இடது கையால் இடுப்புக் கயிற்றில் முடிந்திருந்த தாயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் பெரிய மூச்சாக விட்டு, பைலில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அழகர்சாமிக்குக் கடைசி வரை தெரியாது. 'நாத்திகன்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருப்பார் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சாமி கும்பிட்டது தெரிந்தால் பொய் சொல்லிச் சேர்ந்தவன் என்று வெளியே தள்ளிவிடுவார்கள் என்கிற பயம் அன்று உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை.

சொல் சும்மா இருக்குமா? ஆளுக்கு முன்னால் போய் நின்றது. பர்னஸ் பக்கத்தில் எண்ணெய்த் தொட்டி பார்க்கிற ஷௌகத் அலிக்கு ரம்ஜான் வந்தால் நாத்திகர் டூட்டி பார்ப்பார். சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கு நாத்திகர் பார்ப்பார். ஏகாதசி, தைப்பூசம், சந்திரகிரகணம், எல்லாவற்றுக்கும் அவர்தான். வீடு பார்க்கப் போனபோது மாதம்மாள் என்கிற வீட்டுக்காரம்மா, தெருக்குத்து என்று ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்துவிட்டாள். "உனக்குத்தான் இதெல்லாம் ஒண்ணும் ஆவாதே. நீ இருந்துக்கோ" என்றாள். அந்த வீட்டில் அவர் வருஷக்கணக்கில் நடுங்கிக்கொண்டு குடியிருந்தார். நிலைப்படிக்கு மேலே, வெளியிலிருந்து தெரியாத மாதிரி, வாரம் ஒரு எலுமிச்சம்பழம் மாற்றிச் செருகினார்.

அவர் மனைவி ஜோதிமணி வெளிப்படையாகக் கும்பிடுவாள். அதனால் அவருக்கு இன்னும் நல்ல பெயர்தான். பெண்டாட்டியைக் கட்டாயப்படுத்தாத நாத்திகர் என்று தெருவில் மெச்சினார்கள். அவர் கும்பிடுவது குளிக்கிற இடத்தில், தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்கு நடுவில். விபூதியைக் கண்ணாடி பார்த்துப் பூசி, கண்ணாடி பார்த்தே துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

1983இல் மகள் சம்பங்கிக்கு இரண்டு வயது. மூன்று நாளாக இறங்காத ஜுரம், நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் வைத்து வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, சாயங்காலம் வரை பார்க்கலாம் என்றார். அழகர்சாமி வராந்தாவின் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, குலசாமியான கள்ளழகரிடம் சொல்லிவிட்டார். "பிள்ளையக் குடுத்திரு. என் தலைமுடிய இறக்கிக் குடுத்திருறேன்." சாயங்காலம் பிள்ளை கண்ணைத் திறந்து பிஸ்கட் கேட்டது.

கேட்டதை அழகர் கொடுத்துவிட்டார். வாங்கியவர்தான் அகப்பட்டுக்கொண்டார்.

வேறு எந்த வேண்டுதலாக இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாமல் முடித்திருக்கலாம். உண்டியலில் போடலாம், விளக்கு ஏற்றலாம், ராத்திரி பஸ் பிடித்துப் போய்விட்டு வரலாம். மொட்டையை எங்கே ஒளிப்பது? அந்த வட்டாரத்தில் மொட்டைத் தலையோடு ஒருவர் கேட்டுக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் முதல்கொண்டு கேட்பது ஒன்றுதான். "திருப்பதியா, பழனியா?" முடி வளர மூன்று மாதம் வேண்டும். கம்பெனி லீவு பதினைந்து நாள்.

"பேன் தொல்லைன்னு சொல்லிக்கங்களேன்" என்றாள் ஜோதிமணி.

அதை அவர் நினைக்காமல் இல்லை. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. சாமிக்கு மொட்டை போட்டுவிட்டு ஊரிடம் பேனுக்கு என்று சொன்னால், அது பேனுக்குப் போட்ட மொட்டையாகிவிடாதா? கேட்கிறவர்களிடம் பெருமையாக, அழகருக்கு என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் கணக்குத் தீரும். கடவுள் இல்லை என்று பேர் வாங்கியவருக்குக் கடவுள் விஷயத்தில் இத்தனை நுணுக்கம். பிள்ளை வெளியில் உளறிவிடும் என்று சம்பங்கியிடம் இதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்துகொண்டார்கள். அதன் பிறகு பிள்ளைக்குத் தும்மல் வந்தால்கூட அவர் கை தானாகத் தலைக்குப் போய் முடியைத் தடவிப் பார்க்கும்.

இரண்டு வருஷம் கழித்து மேலூரில் அப்பா இறந்துபோனார். மூத்த மகன் தலை இறக்கிக் கொள்ளி வைக்க வேண்டும். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அழகருக்கு நேர்ந்துவிட்ட முடியை வேறொருவருக்கு இறக்க மனம் வராமல், அழகர்சாமி கிணற்றடியில் நின்று, "தம்பி செய்யட்டும்" என்றார். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பெரியப்பா காறித் துப்பினார். "ஓசூர் போயி நாத்திகப் பயலா வந்திருக்கான் பாரு. பெத்தவனுக்கு மயிரக் குடுக்க மாட்டேங்குறான்."

தம்பி மொட்டை போட்டு, கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். மூத்தவர் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்தார். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக அவர் தன்னை உணர்ந்ததில்லை. அன்று அவர் அழுததை அப்பாவுக்காக என்று ஊர் நினைத்தது. பாதி அதற்கு, பாதி தலையில் இருந்த முடிக்கு.

முடியோடு கம்பெனிக்குத் திரும்பினார். அங்கே இதற்கு வேறு மதிப்பு. இன்ஸ்பெக்ஷனில் இருந்த ராஜப்பன் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். ராஜப்பன் யூனியன் ஆள், உள்ளபடியே கடவுள் நம்பிக்கை இல்லாதவர், கட்டுக்கட்டாகப் பிரசுரங்கள் வாங்கிப் படிப்பவர். ஆனால் மாமனார் வீட்டுக்குப் பயந்து வருஷா வருஷம் திருப்பதி போய் வருவார். "அப்பா சாவுலகூடக் கொள்கைய விடலையேங்க. உங்க துணிச்சல் எனக்கு வராதுங்க" என்று தழுதழுத்தார். அழகர்சாமி தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அடக்கம் என்று ராஜப்பன் எடுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது ஷௌகத் அலி மட்டும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அழகரு, உங்க அத்தாவுக்காக நான் துஆ கேட்டேன்."

"எதுக்கு பாய்? எனக்குத்தான்..."

"பர்னஸ் கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி தெனம் உங்க உதடு அசையுது. அஞ்சு வருஷமாப் பாக்கறேன். நான் யார்கிட்டயும் சொல்லல. சாப்பிடுங்க."

அழகர்சாமிக்கு அந்தக் கம்பெனியில் ஓர் ஆளுக்காவது தன்னைத் தெரியும் என்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அதன் பிறகு பாயிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ராஜப்பன் சும்மா விடவில்லை. ஒரு கூட்டத்தில் நாத்திகர் பேச வேண்டும் என்று நோட்டீஸே அடித்துவிட்டார். மறுத்தால் சந்தேகம் வரும். பிரசுரங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் மனப்பாடம் செய்தார் அழகர்சாமி. கூட்டத்தில் நன்றாகவே பேசினார். முக்கியமாக ஒரு வரிக்குக் கைதட்டல் நிற்கவே இல்லை. "மருந்து கொடுத்தவர் டாக்டர், முடி கொடுப்பது சாமிக்கா?" அந்த வரி எந்தப் பிரசுரத்திலும் இல்லை. அவர் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்ததே வரியாக வெளியே வந்துவிட்டது. முன்வரிசையில் ஆறு வயது சம்பங்கி எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். வீட்டுக்கு வந்து குளிக்கிற இடத்தில் நாலு வாளித் தண்ணீர் தீரும்வரை அவர் அழகரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வேலை பயம் மட்டும்தான் அவரைக் கட்டிப் போட்டது என்றால் அது முழு நியாயம் இல்லை. வேலை நிரந்தரமாகி வெகுநாள் ஆகிவிட்டது, சாமி கும்பிட்டதற்காக யாரையும் நிறுத்த ரூல் கிடையாது. யோசித்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். ஆனால் கம்பெனியில் அழகர்சாமி என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். நாத்திகர் ஒருவர்தான். கேன்டீனில் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஒரு விவகாரம் என்றால், "நாத்திகர் பொய் சொல்ல மாட்டார்" என்று அவரைக் கூப்பிட்டார்கள். பொய்யால் கிடைத்த இந்த மரியாதை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஆனாலும் 1990இல் ஒருமுறை துணிந்தார். சம்பங்கிக்கு அம்மை போட்டு இறங்கியிருந்த நேரம், முடி விஷயத்தை இனிமேல் தள்ள முடியாது என்று தோன்றிவிட்டது. ஃபோர்மேன் கங்கப்பனிடம் போனார். கங்கப்பன் பாகலூர்க்காரர், நெற்றி நிறைய நாமம், ஆயுத பூஜையைத் தலைமை தாங்கி நடத்துகிறவர். பக்திமான்தானே, சந்தோஷப்படுவார் என்று அழகர்சாமி கணக்குப் போட்டார்.

"இந்தத் தடவ பூஜைக்கு நானும் வந்து நிக்கலாம்னு பாக்குறேன் சார். கொஞ்சம் மனசு மாறிருச்சு."

கங்கப்பன் முகம் வெளுத்துவிட்டது. "பேடா, பேடா" என்று வாய்க்கு வந்த கன்னடத்தில், வேண்டாம் என்று கையை ஆட்டினார். "என்னாங்க நீங்க, இப்படித் தலையில கல்லப் போடறீங்க? நீங்க சாமி கும்பிட்டா நாங்க எப்பிடிங்க கும்பிடறது? பர்னஸ யாரு பாக்கறது?"

"வேற யாராச்சும்..."

"யாருங்க இருக்காங்க? எல்லாம் பயந்தவங்க. பூஜை அன்னிக்கு ஆயுதத்தைத் தொட்ட பாவம் யாருக்கு வரும்? உங்களுக்குத்தான் அது ஒட்டாது." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அப்படியும் எனக்கு மனசு கேக்கல. அந்தப் பாவம் உங்க குடும்பத்து மேல வந்துடக் கூடாதுன்னு வருஷா வருஷம் மொத அர்ச்சனை உங்க பேர்லதான் பண்றேன். அழகர்சாமி, உத்திர நட்சத்திரம். பர்சனல்ல கேட்டுப் பொறந்த தேதி வாங்கிப் பஞ்சாங்கம் பாத்தேன்."

அழகர்சாமிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பத்து வருஷமாகத் தன் பேரில் அர்ச்சனை நடக்கிறது, பிரசாதம் மட்டும் வரவில்லை. நாத்திகருக்குப் பிரசாதம் கொடுத்து அவமானப்படுத்தக் கூடாது என்று கங்கப்பனே அதையும் சாப்பிட்டு வந்திருக்கிறார். இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அந்த வருஷமும் பர்னஸ் முன்னால் அவர்தான் நின்றார். மைக்கில் வந்த மணிச் சத்தத்தைக் கேட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொள்ளாயிரம் டிகிரியில் எரிந்த நெருப்பையே கற்பூரமாக நினைத்துக் கும்பிட்டார்.

1997இல் கம்ப்யூட்டர் வைத்த புது பர்னஸ் வந்தது. அது தானே எரியும், தானே நிற்கும், அதற்குச் சாமி இருக்கிறதா இல்லையா என்கிற கவலை கிடையாது. பழைய ஆட்களை விருப்ப ஓய்வில் போகச் சொன்னார்கள். அழகர்சாமி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். பிரிவு உபசார விழாவில் போகிறவர் எல்லோருக்கும் வெள்ளிச் சட்டம் போட்ட வெங்கடாசலபதி படம் கொடுப்பது வழக்கம். அதற்காக ஜோதிமணி வீட்டில் ஆணியே அடித்து வைத்திருந்தாள். மேடையில் ராஜப்பன், "கடைசி வரைக்கும் கொள்கை மாறாத மனிதர்" என்று சால்வை போர்த்தினார். அவருடைய கொள்கையை மதித்து, படத்துக்குப் பதிலாக ஒரு சூட்கேஸ் கொடுத்தார்கள்.

அந்த சூட்கேஸில் வேட்டியும் துண்டும் வைத்துக்கொண்டு மறு வாரமே கிளம்பினார். பதினாலு வருஷப் பாக்கி. சித்தப்பா வீட்டுக்குப் போகிறோம் என்று சம்பங்கியிடம் சொல்லியிருந்தது. அவளுக்குப் பதினாறு வயது, பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். சூளகிரி தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். கிருஷ்ணகிரியில் சொல்லலாம் என்று தள்ளினார். சேலம் போயிற்று, நாமக்கல் போயிற்று. அழகர்கோவில் மண்டபத்து வாசலில், முடி காணிக்கைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். வலிப்பு, வராந்தா, வேண்டுதல், எல்லாவற்றையும் சொன்னார்.

சம்பங்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் உதடு வெளுத்துவிடும்.

"அப்ப நீங்க சாமி கும்பிடுவீங்களாப்பா?"

"கும்பிடுவேன்டா. எப்பவும்."

"ஸ்கூல்ல உங்களப் பத்தித்தான் கட்டுரை எழுதினேன். வீட்ல இருந்த புத்தகத்தையெல்லாம் நீங்க படிச்சதுன்னு நானும் படிச்சேன். எங்க அப்பா மாதிரி இருக்கணும்னு ஸ்கூல்ல விபூதி குடுத்தாக்கூட வாங்க மாட்டேன். எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. பரவால்லன்னு இருந்தேன்." நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள். "மருந்து குடுத்தவர் டாக்டர். முடி குடுக்கறது சாமிக்கா?"

அது அவர் வரி. வார்த்தை மாறாமல் திரும்பி வந்திருந்தது. பதினெட்டு வருஷம் பொய்யாகப் போட்டுக்கொண்டிருந்த சட்டை, மகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியிருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். அவள் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியில் நின்றுவிட்டாள். ஜோதிமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவரோடு உள்ளே போனாள்.

சீட்டை வாங்கிய நாவிதர் தலையைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார்.

"என்ன சாமி, இம்புட்டுத்தானா?"

பர்னஸ் சூட்டிலும் கவலையிலும் உச்சி எப்போதோ பளபளத்துவிட்டது. காதைச் சுற்றி ஒரு வளையம் மிச்சம் இருந்தது. முடி கொட்டக் கொட்டக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கையாலாகாமல். வேண்டிக்கொண்ட அன்று சீப்பு இறங்காத அடர்த்தி.

"இருக்கறத எடுப்பா" என்றார். நாவிதர் தண்ணீர் தடவி, நாலு இழுப்பில் முடித்துவிட்டார். அழகர்சாமி சன்னிதியில் நின்று எதையும் கேட்கவில்லை. தாமதத்துக்கும் குறைவுக்கும் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் முதன்முறையாக ஒரு கோவிலில் வாய்விட்டுச் சொன்னார்.

வெளியே சித்திரை வெயில். சந்தனம் பூசிய தலையோடு அவர் வந்து நின்றதும் சம்பங்கி செருப்புகளை எடுத்து முன்னால் போட்டாள். மதுரைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து, வெயில் தலையில் அடிப்பதைப் பார்த்து, தன் துப்பட்டாவை எடுத்து அவர் தலையில் போட்டாள். அதையும் கோபம் குறையாத முகத்தோடுதான் செய்தாள்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார். "நேத்திக்கடனா பெரியவரே? யாருக்கு வேண்டிக்கிட்டது?"

பதினாலு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் அது. பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்த பதில். அழகர்சாமி மகளைப் பார்த்தார்.

"எனக்குத்தாங்க" என்றாள் சம்பங்கி. "சின்ன வயசுல உடம்பு சரியில்லாமப் போச்சு. எங்கப்பா வேண்டிக்கிட்டாரு."